ஓம் வில்லி

பதினெட்டு வருடம் ஒரே இடத்தில் நின்று பன்றி இறைச்சி வூர்ஸ்ட், அதாவது ஜெர்மன் சொசேஜ், சுட்ட மனிதருக்கு இனி எந்த அதிர்ச்சியும் வராது என்றுதான் நித்தியானந்தன் நம்பியிருந்தார். ஜெர்மனியில் ஆஹெனிலிருந்து யூலிஷ் போகிற ரோட்டின் வளைவில், லொறிகள் ஒதுங்குகிற இடத்தில் இருக்கிறது அவருடைய கடை. எண்ணெய்த் தாச்சி தீப்பிடித்ததை அங்கே பார்த்திருக்கிறார். பிரேக் பிடிக்காத லொறியொன்று உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேல் ஏறி நின்றதையும், அதிலிருந்து குதித்த போலந்துக்காரன் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் ஒரு வூர்ஸ்ட் கேட்டதையும் பார்த்திருக்கிறார். சைவக்காரரான அவர் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. சூட்டில் தோல் வெடிக்கிற சத்தத்தைக் கேட்டே பதம் சொல்லுவார். அப்படிப்பட்டவர் அந்த வட்டாரத்தில் நல்ல வூர்ஸ்ட்காரர் என்று பெயர் எடுத்துவிட்டார். அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு என்ன வரப்போகிறது?

வந்தது. 2007ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, மகள் கஜந்தியின் வடிவில், பஸ்ஸில் வந்து இறங்கியது.

கஜந்திக்கு இருபது வயது. ஆஹென் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கிறாள். கடைக்கு அந்த வருடம் ஐம்பது வயது ஆவதால், கடையின் சரித்திரத்தை ஒரு பெரிய மட்டையில் எழுதி வாசலில் வைப்பது என்று முடிவாகியிருந்தது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் ட்ரூடேயோடு இருந்து கதை கேட்டு எழுதியிருந்தாள். ட்ரூடே என்பவர் கடையைத் தொடங்கிய வில்லி யான்சனின் மனைவி. எண்பத்திரண்டு வயது. கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் கீழ்த்தளத்தில் தனியே இருக்கிறார். வில்லி இறந்து மூன்று வருடம்.

கஜந்தி கொப்பியைக் கவுண்டரில் வைத்தாள்.

"அப்பா, போர்டில இருக்கிறது ஓம் இல்லை."

நித்தியானந்தன் இடுக்கியோடு திரும்பினார். ஓம் இல்லாமல் பின்னை என்ன என்று கேட்டார்.

"ஓம்தான். ஆனா எங்கட ஓம் இல்லை."

இதை ஒரு பிள்ளை தகப்பனிடம் சொன்னால் தகப்பனுக்கு விளங்காது. விளங்க வேண்டுமானால் போர்டின் கதை தெரிய வேண்டும்.

நித்தியானந்தன் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தது 1989இல். அதுவரை கடைக்குப் பெயர் இருக்கவில்லை. 'வூர்ஸ்ட்' என்று மட்டும் ஒரு தகரம் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வசந்தத்தில் ஒருநாள் வில்லி தானே வெட்டித் தானே பெயின்ற் அடித்த ஒரு பலகையைக் கொண்டுவந்து கூரைக்கு மேலே அறைந்தார். வெள்ளையில் பச்சை எழுத்து. ஓம் வில்லி. நித்தியானந்தன் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு ஏணியைப் பிடித்தபடியே உறைந்துபோனார். ஒரு வெள்ளைக்காரர், அதுவும் வாரம் ஐந்நூறு பன்றி வூர்ஸ்ட் விற்கிறவர், தன்னிடம் வேலைக்கு வந்த ஒரு அகதியின் சமயத்தை மதித்துத் தன் பெயருக்கு முன்னால் பிரணவத்தைப் போட்டிருக்கிறார். ஓவுக்கும் எம்முக்கும் நடுவில் ஒரு ஹா, அதாவது எச், இருந்தது உண்மைதான். நீட்டி உச்சரிப்பதற்காக ஜெர்மன்காரர் அப்படிப் போடுவார்களாக்கும் என்று தானே தனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டார். விளக்கம் பிடித்துப் போனதால் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

மனைவி ரஞ்சினி அந்தச் செய்தியைக் கேட்டு அழுதேவிட்டாள். மறு வெள்ளிக்கிழமையே ஏணியில் ஏறிப் போர்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீழே நின்று கற்பூரம் காட்டினாள். அன்றிலிருந்து ஒரு வெள்ளி தவறவில்லை. பனி கொட்டினால் குடை பிடித்துக்கொண்டு காட்டுவாள். வில்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்பார். வெள்ளிக்கிழமைகளில் சவரமும் செய்துகொண்டு வருவார். மற்ற நாள்களில் அந்த மனிதருக்குத் தாடை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இதையெல்லாம் நித்தியானந்தன் கொலோனில் நடந்த கலியாண வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அங்கே தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராஜா ஒருமுறை பந்தியில் வைத்து, "என்ன நித்தி, வெளியில ஓம் எண்டு போட்டுட்டு உள்ளுக்கப் பன்றி பொரிக்கிறியாம்" என்று கேட்டு நாற்பது பேரைச் சிரிக்க வைத்தார். நித்தியானந்தன் விடவில்லை. அண்ணை, நாங்கள் கோயிலுக்குப் போனாப் பிறகும் திருந்தேல்லை, அந்தாள் பன்றியை வைச்சுக்கொண்டே பக்திக்கு வந்திட்டார் என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பதில் நன்றாக இருந்ததாக அவருக்கே பட்டது. பிறகு ஐந்தாறு கலியாண வீடுகளில் கேள்வி கேட்கப்படாமலே அந்தப் பதிலைச் சொன்னார்.

"சரி பிள்ளை, எங்கட ஓம் இல்லையெண்டால் ஆற்ற ஓம்?" என்று இப்போது கேட்டார். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். மின்தடையை அளக்கிற ஓமைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தார். அதை அவள் பத்தாம் வகுப்பிலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கஜந்தி கொப்பியைத் திறந்து வாசித்தாள். வில்லி சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். நெஞ்சுக்குள் தூசி போய் 1957இல் வேலையை விட்டார். ஒரு பழைய குதிரை வண்டிப்பெட்டியை வாங்கி, இந்த வளைவில் நிறுத்தி, வூர்ஸ்ட் சுடத் தொடங்கினார். ட்ரூடே வீட்டில் உருளைக்கிழங்கு சலாட் செய்து வாளியில் கொண்டுவருவார். இருவருக்கும் பிள்ளை இல்லை. வில்லியின் தங்கை மகன் பீட்டர்தான் கடையே கதியென்று கிடந்தான். அவன் வில்லியை ஓம் என்று கூப்பிடுவான். இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களின் பேச்சில் ஓம் என்றால்...

"என்ன?"

"அம்மான். அம்மாவின்ர சகோதரன். தாய்மாமன், அப்பா."

கல்லில் வூர்ஸ்ட் ஒன்று வெடித்தது. நித்தியானந்தன் அதைப் புரட்டவில்லை.

மிச்சத்தைக் கஜந்தி மெதுவாக வாசித்தாள். பீட்டர் பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பதினேழு வருடம் வில்லியை அந்தச் சொல்லால் கூப்பிட ஆள் இல்லை. பிறகு 1989இல் ஒரு மத்தியானம், எலும்பும் தோலுமாக ஒரு கறுத்த இளைஞன் வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றான். வில்லி அவனிடம், உனக்கு யார் வேண்டும் என்று கேட்டார். அவன் சொன்னான்: ஓம்.

நித்தியானந்தனுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் இருந்தது. எப்படி மறக்கும்? ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ரஞ்சினியோடு வந்து இறங்கி நாலு வருடம், வேலை செய்யலாம் என்ற கடதாசி கிடைத்து நாலு நாள். வேலை இருக்கிறதா என்ற ஒரே ஒரு ஜெர்மன் வசனத்தை வழியெல்லாம் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு நடந்து வந்தார். கவுண்டருக்கு வந்ததும் அது மறந்துபோயிற்று. வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். நாலு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட பெரிய பாடம், ஜெர்மன்காரர் எதையாவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பது. பதற்றத்தில் ஜெர்மன் வரவில்லை, யாழ்ப்பாணத்து ஆமாம்தான் வந்தது. ஓம் என்றார். வெள்ளைக்காரரின் கையிலிருந்து இடுக்கி விழுந்தது. திரும்பவும் கேட்டார். சொன்னது கேட்கவில்லையாக்கும் என்று நித்தியானந்தன் பலமாகத் தலையாட்டி, ஓம் ஓம் என்று இரண்டு தரம் சொன்னார். வெள்ளைக்காரர் ஒன்றும் பேசாமல் தன் ஏப்ரனைக் கழற்றி நீட்டினார். இந்த நாட்டில் வேலை எடுப்பது இவ்வளவு சுகமா என்று அன்றிரவு ரஞ்சினியிடம் ஆச்சரியப்பட்டார்.

"வில்லி கண்டுபிடிக்கேல்லையே? நான் ரெலிபோனிலயும் ஓம் எண்டுதானே கதைக்கிறனான். அம்மாவோட கதைச்சாலும் ஓம்."

கஜந்தி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதையும் ட்ரூடே சொல்லியிருந்தார். இவர்கள் மரியாதையான சனங்கள் ட்ரூடே, காண்கிற எல்லாரையும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், பல் டொக்டரும் மாமா, வரி அலுவலகத்துப் பொம்பிளையும் மாமா, ஆனால் என்னைத்தான் முதல்நாளே கூப்பிட்டான் என்று வில்லி சொல்லுவாராம். கற்பூர விசயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கிறது. முதல் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய், அந்தப் பெட்டை என் பெயருக்கு நெருப்புக் காட்டிக் கும்பிடுகிறாள், நான் அவ்வளவு நல்ல மனிதன் இல்லை என்று அழுதாராம். அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமைகளில் சவரம்.

அன்றைக்கு முப்பத்தெட்டு வூர்ஸ்ட் கரிந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

வேறு நாளாக இருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற கதை. ஆனால் வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யூலிஷில் பத்திரம் முடிக்கிற நோட்டாரிடம் போக டெர்மின் குறித்திருந்தது. ட்ரூடே கடையையும் வீட்டையும் காணியையும் நித்தியானந்தனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்கப்போகிறார். தான் அடுத்த மாதம் முதலாம் தேதி கொலோனில் ஒரு ஹைமுக்கு, அதாவது வயோதிபர் இல்லத்துக்கு, போகிறார். எல்லாம் அவரே முடிவெடுத்து, அவரே பதிந்து, அவரே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். நோட்டார் அனுப்பிய நகலையும் கஜந்தி ஞாயிற்றுக்கிழமை பார்த்திருந்தாள். அதில் ட்ரூடே சொல்லி எழுதுவித்த ஒரு வரி இருந்தது: முதல் நாளிலிருந்தே என் கணவரை ஓம் என்று அழைத்தவருக்கு.

அன்று பின்னேரம் ஆஹென் வீட்டில், நாலாம் மாடியில், ரஞ்சினி முழுக் கதையையும் நின்றபடியே கேட்டாள். கேட்டு முடிந்ததும் கதிரையில் இருந்தாள்.

"அப்ப பதினேழு வருசமா நான் ஆருக்குக் கற்பூரம் காட்டினனான்?"

"வில்லிக்கு," என்றாள் கஜந்தி.

"குடை பிடிச்சுக்கொண்டு?"

"ஓம் அம்மா."

"நீ இனி இந்த வீட்டில அந்தச் சொல்லைச் சொல்லாதை."

நித்தியானந்தனுக்குச் சிரிக்க வரவில்லை. அவருடைய யோசனை முழுக்க வியாழக்கிழமையில் இருந்தது. ட்ரூடேயிடம் உண்மையைச் சொல்லாமல் அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்க ஏலாது என்றார். ரஞ்சினி அவரைப் பார்த்த பார்வையில் எண்ணெய் இல்லாமலே பொரிக்கலாம்.

"உங்களுக்கு விசரே? வெள்ளிக்கிழமை சொல்லுங்கோவன். ஒரு நாள் பிந்தினா என்ன?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பிள்ளை படித்து முடிக்க இன்னும் மூன்று வருடம். ஐம்பது வயதாகப்போகிற, வூர்ஸ்டைச் சத்தத்தால் மட்டும் அறிந்த ஒரு சைவக்காரருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ட்ரூடே கோபித்துக்கொண்டு காணியை வேறு யாருக்காவது விற்றால் வியாழக்கிழமைக்குப் பிறகு அவருக்கு நிற்க ஒரு கவுண்டர் இல்லை. அதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் வேறொன்றும் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அகதி விண்ணப்பத்தில் அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார், ஒரு சொல் பொய் இல்லை. ஒருவரும் நம்பவில்லை. மூன்று தரம் நிராகரித்தார்கள். இப்போது ஒரு பொய்யை நம்பி, முத்திரை குத்தி, காணி எழுதிக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டால் அந்த உண்மைக்கு மிச்சமிருந்த மரியாதையும் போய்விடும் போல இருந்தது. இதை ரஞ்சினிக்கு விளங்கப்படுத்த முயன்றார். அவள் சோற்றைப் பெரிய சத்தத்தோடு கோப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு, மத்தியானக் கூட்டம் கரைந்த பிறகு, 'ஐந்து நிமிடத்தில் வருவேன்' என்ற மட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போனார். ட்ரூடே கோப்பைகளைப் பழைய பத்திரிகையில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேசையில் கோப்பி ஊற்றி வைத்தார். ட்ரூடேயின் கோப்பியைக் குடிக்கிறபோது நித்தியானந்தனுக்கு எப்போதும் நிலக்கரிச் சுரங்கம் ஞாபகத்துக்கு வரும். குடித்தார்.

சொல்ல வந்ததை இரண்டு நாளாக ஜெர்மனில் பாடமாக்கி வைத்திருந்தார். 1989ஐப் போலவே மறந்துபோயிற்று. உடைந்த உடைந்த வசனங்களில் சொன்னார். ஓம் என்பது மாமா இல்லை. எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம். ரெலிபோனில் சொல்வதும் ஆமாம், பல் டொக்டரிடம் சொல்வதும் ஆமாம். வில்லி அன்றைக்கு யார் வேண்டும் என்று கேட்டது எனக்கு விளங்கவில்லை, விளங்காமல் ஆமாம் என்றேன். கற்பூரமும் வில்லிக்கு இல்லை, அது கடவுளுக்கு. அந்த வரி தப்பு, நாளைக்கு அது இருக்கக் கூடாது.

ட்ரூடே கையில் ஒரு கோப்பையோடு அப்படியே நின்றார். கடைப்பக்கம் ஒரு லொறி ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

"கடவுளுக்கா?" என்றார் கடைசியில்.

"கடவுளுக்கு."

"அதற்காகத்தானா அந்த முட்டாள் சவரம் செய்தார்."

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கதிரையைப் பின்னால் தடவிப் பார்த்து மெதுவாக இருந்தார். நல்லவேளை, இது தெரியாமலே அவர் போய்விட்டார் என்று தனக்குத்தானே சொன்னார். இனிக் காணியைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று நித்தியானந்தன் காத்திருந்தார். ட்ரூடே காணியைப் பற்றிப் பேசவில்லை. முகத்தை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நிட்டி," என்றார். வில்லியும் ட்ரூடேயும் அவர் பெயரை அந்த அளவுக்குத்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். "அப்படியானால் ஆஸ்பத்திரியில்?"

"ஆஸ்பத்திரியில் என்ன?"

"கடைசி நாள். நீ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஓம், ஓம் என்று சொன்னாய். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். நீ மாமா, மாமா என்று அழுகிறாய் என்று நினைத்தேன்."

நித்தியானந்தனுக்கு அந்த நாளும் ஞாபகம் இருந்தது. வில்லியின் முகத்தில் ஒட்சிசன் மாஸ்க். அதற்குள்ளிருந்து அவருடைய ஊர்ப்பேச்சு புகை மாதிரி வந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து வில்லி கேட்டதெல்லாம் ஒன்றுதான்: காஸ் பூட்டினாயா? ஒவ்வொரு பின்னேரமும் அதே கேள்வி. அன்றைக்கும் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று கையைப் பிடித்து, ஓம் ஓம் என்றார்.

"என்ன கேட்டார் என்று உனக்குத் தெரியும்தானே," என்றார் ட்ரூடே. குரல் இறங்கியிருந்தது. "நான் போன பிறகு ட்ரூடே உன்னோடு இருக்கலாமா என்று கேட்டார். அவளை ஹைமுக்கு விடாமல் நீ வைத்துப் பார்ப்பாயா என்று. நீ அதற்குப் பதில் சொல்லவில்லை, மாமா என்று மட்டும் அழுதாய் என்று நான் நினைத்தேன். சாகிற மனிதனுக்குப் பொய் சொல்ல மாட்டாதவன், நேர்மையான பெடியன் என்று நினைத்தேன். அதனால்தான் மூன்று வருடமாக நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொலோனில் பதிந்தேன்." நிறுத்தினார். "நீ அவருக்கு ஆமாம் என்றா சொன்னாய்?"

நித்தியானந்தனுடைய தலைக்குள் எல்லாம் நின்றுவிட்டது. ஒரு உண்மையைச் சொல்லிக் கடனை முடிக்கலாம் என்று வந்தவர் அவர். இப்போது அதற்குக் கீழே இன்னொரு உண்மை, காஸ் அடுப்பைப் போல, பற்றுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தது. காஸைப் பற்றி என்று சொல்ல வாயைத் திறந்தார். எதிரே அந்தக் கிழவி, பத்திரிகை சுற்றிய கோப்பையை நெஞ்சோடு பிடித்தபடி, பள்ளிக்கூடத்தில் முடிவு வாசிக்கிற நாளில் பிள்ளைகள் நிற்பது மாதிரி இருந்தார். மூன்று வருடமாக ஒவ்வொரு மத்தியானமும் நித்தியானந்தன் இந்தக் கதவைத் தட்டி உருளைக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒருநாளும் அந்த முகத்தில் இப்படி ஒரு கேள்வி இருந்ததை அவர் பார்த்ததில்லை. வூர்ஸ்டின் சத்தத்தை ஒரு நொடி பிசகாமல் கேட்கிற காது, மனிதர் பேசினதை மட்டும் பதினெட்டு வருடமாகக் கேட்காமல் இருந்திருக்கிறது.

திறந்த வாயை மூட முடியாது.

"ஓம்," என்றார்.

ட்ரூடே எழுந்தார். கோப்பையைச் சுற்றியிருந்த பத்திரிகையைக் கழற்றி, கோப்பையைக் கொண்டுபோய்ப் பழையபடி அலுமாரித் தட்டில் வைத்தார். பிறகு அவரைத் திரும்பிப் பார்க்காமல், அந்த வரியை நாளைக்கு மாற்றச் சொல்கிறேன், இப்போது போ, கடையில் ஆள் நிற்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து ரஞ்சினியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை, காஸ் உட்பட. அவள் மா குழைத்துக்கொண்டிருந்த கையோடு சுவரில் சாய்ந்தாள்.

"நான் ஒண்டு கேக்கிறன், உண்மை சொல்லுங்கோ," என்றாள். "அண்டைக்குக் காஸ் பூட்டினனீங்களே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்கத் தேவையில்லை. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது காஸ் திறந்தே கிடந்தது. ஓடிப்போய்ப் பூட்டியதை அவர் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

"இல்லை."

"அப்ப அதுவும் பொய்."

"ம்."

"மற்றதையாவது உண்மையாக்குங்கோ," என்றாள் ரஞ்சினி. மாவைத் திரும்பவும் குழைக்கத் தொடங்கினாள். "அங்க ட்ரூடேக்கு மேல மாடி சும்மாதானே கிடக்கு, போயிருப்பம். நாலாம் மாடிக்கு அரிசி மூட்டை தூக்கி எனக்கும் காணும். அந்த மனிசிக்குப் புட்டு இறங்குமோ தெரியாது, அது பிறகு பாப்பம்."

வெள்ளிக்கிழமைக் கற்பூரம் என்ன செய்வது என்று கஜந்தி உள்ளேயிருந்து கேட்டாள். ரஞ்சினி கோபமாக, அந்தாளுக்கு ஒரு பொட்டு வைச்சால் எங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நோட்டாரின் அறையில் நாலு கதிரை. ட்ரூடே தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரஞ்சினி சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டிருந்தாள். நித்தியானந்தன் சவரம் செய்திருந்தார், வெள்ளிக்கிழமை இல்லையென்றாலும். கஜந்திக்கு அன்று பரீட்சை. அதனால் ஜெர்மனுக்கும் அவர்களுக்கும் நடுவில் யாரும் இல்லை.

நோட்டார் மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, மூச்சு விடாமல், குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தார். ஜெர்மன் சட்டத்தில் எல்லாவற்றையும் உரத்து வாசித்தே ஆக வேண்டுமாம். பிரிவு, உட்பிரிவு, எல்லைக்கல், தண்ணீர்க்குழாய். நித்தியானந்தனுக்கு நாலில் ஒன்று விளங்கியது. பழைய வரி வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்துபோயிற்று. ட்ரூடே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பியபின் நோட்டார் நிமிர்ந்து, எல்லாம் விளங்கியதா என்று நித்தியானந்தனைக் கேட்டார்.

அவருடைய நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் எந்த மேசைக்கு முன்னால் இருந்தாலும், எந்தக் கேள்விக்கும், தானாக வந்து விழுகிற சொல். அதைப் பல்லால் பிடித்து நிறுத்தினார்.

"இல்லை," என்றார் ஜெர்மனில். "தயவுசெய்து இன்னொரு தடவை. ஆறுதலாக."

ரஞ்சினி அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தாள். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. நோட்டார் மணிக்கூட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், முதலாம் பக்கத்துக்குப் போனார். இந்த முறை நித்தியானந்தன் கண்ணை மூடிக்கொண்டார். கல்லில் வூர்ஸ்ட் கிடக்கிறபோது எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். இரண்டு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தி, அந்தச் சொல் என்ன என்று கேட்டார். மெதுமெதுவாக அது திறந்தது. ட்ரூடே யான்சன் உயிரோடு இருக்கும்வரை கீழ்த்தளம் அவருக்கே. அவரை வீட்டில் வைத்துப் பராமரிப்பது பெறுபவரின் பொறுப்பு. கடையும் வீடும் காணியும் கொடுக்கப்படுவது, என் கணவரின் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னவருக்கு.

நித்தியானந்தன் கண்ணைத் திறந்தார். அந்த வரியில் காஸ் எங்கேயும் இல்லை. பக்கத்தில் ரஞ்சினி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். வலித்தது.

இப்போது விளங்கியதா, சம்மதமா என்று நோட்டார் கேட்டார்.

"ஓம்," என்றார் நித்தியானந்தன்.

நோட்டாரின் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலால் ட்ரூடேயைப் பார்த்து, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

ட்ரூடே கைப்பையைத் திறந்து மூடினார்.

"ஆமாம் என்கிறார்," என்றார். "இல்லாவிட்டால் உங்களை மாமா என்று கூப்பிடுகிறார். இவரிடம் அதைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு வருடம் போகும். நீங்கள் எழுதுங்கள்."